ஹேகர்பியில் அடிக்காமல் போன மணிகள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. கதவுப் பக்கம் குளிர்காற்று வருகிறது, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன். பாதி வானத்தில் நடந்தது, மீதி நம் மண்ணில் நடந்தது. கேட்டு முடித்ததும் அந்தப் பிள்ளையைத் திட்ட வேண்டாம். அவன் தன்னைத் தானே திட்டிக்கொண்டதே ஒரு ஆயுசுக்குப் போதும்.

அவன் பேர் ஆம்ப்ரோஸ் ஓட்லிங். லிங்கன்ஷயரில் ஹேகர்பி ஊர்க்காரன். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா மேபல்தான் பீட்ரூட் வயலில் களை பறித்து ஆளாக்கினாள். சித்தப்பா ஜேபஸ் ஊர்க் கொல்லர். மாதா கோயில் மணிக்கூண்டுக்கும் அவர்தான் தலைவர். எங்கள் கூண்டில் ஐந்து மணிகள். ஐந்து பேர் வட்டமாக நின்று ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து, வரிசையை மாற்றி மாற்றி அடிப்பார்கள். அதில் சின்ன மணிக்கயிறு பையனாக இருந்தபோதே ஆம்ப்ரோஸின் கைக்கு வந்துவிட்டது.

பெரிய போர் வந்ததும் விமானப்படைக்குப் போனான். இருட்டில் பறக்கும் வேலை கொடுத்தார்கள். ராத்திரியில் நம் ஊர்கள் மேல் குண்டு போட வரும் ஜெர்மன் விமானங்களைத் தேடிப் பிடித்துச் சுடும் வேலை. அவன் ஓட்டிய விமானத்துக்குக் கொசு என்றே பேர், மஸ்கிட்டோ. உடம்பு முழுக்க மரம். உள்ளே இரண்டே பேர், தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டும். பக்கத்துச் சீட்டில் பெர்சி டிரான்டர். பர்மிங்ஹாமில் மளிகைக்கடையில் சாமான் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆள், ஆம்ப்ரோஸைவிட எட்டு வயது மூத்தவர். அவர் முன்னால் ஒரு பெட்டி பச்சையாக மினுக்கும். இருட்டில் வேறு விமானம் எங்கே இருக்கிறது என்று அது காட்டும். அந்தப் பெட்டியைப் பற்றிப் பெற்ற தாயிடம்கூட மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு. அதனால் பத்திரிகைக்காரர்கள், நம் பையன்கள் கேரட் தின்று தின்று கண் கூர்மையாகிவிட்டது என்று எழுதினார்கள். ஊர் நம்பியது. மாதா மாதம் ஹேகர்பியிலிருந்து ஒரு சாக்குக் கேரட் விமானத் தளத்துக்கு வந்து இறங்கும்.

"உங்க ஊர்ல என்னை முயல்னு நெனச்சுட்டாங்களா, ஸ்கிப்பர்?" என்பார் பெர்சி; விமானம் ஓட்டுகிறவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஒரு மாசமாவது ஒரு பன்னித்தொடை அனுப்பக் கூடாதா?"

"கண்ணுக்கு நல்லதுங்க, சார்ஜென்ட்."

"என் கண்ணுக்குப் பன்னித்தொடைதான் நல்லது."

பறக்கும் முன் கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்று சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டே சீட்டு விளையாடுவார்கள். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்புச் சீட்டின் புள்ளி தெரியாது, எல்லாம் வெறும் அட்டையாக இருக்கும். பெர்சி மட்டும் நகத்தால் ஓரத்தைக் கீறி வைத்திருப்பார். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தப் படையில் ஒரு வழக்கம் உண்டு. பச்சைப் பெட்டி கிட்டக் கொண்டுபோய் விடுமே தவிர, எதிரில் இருப்பது யாருடையது என்று அதற்குத் தெரியாது. அதனால் ஓட்டுகிறவர் அந்த விமானத்துக்கு அடியில் போய், மேலே பார்த்து, அதன் பேரைச் சொல்ல வேண்டும். அப்புறம் பக்கத்து ஆள் இரவுத் தூரக்கண்ணாடியில் பார்த்து, அவரும் பேரைச் சொல்ல வேண்டும். இரண்டு வாயும் ஒரே பேரைச் சொன்னால்தான் சுடலாம்.

போரின் நாலாவது கோடை. அதுவரை மூன்று வருஷம் நாட்டில் எந்த மணியும் அடிக்கக் கூடாது, எதிரி கரையிறங்கினால் மட்டும் அடி என்றிருந்தார்கள். அந்த வசந்தத்தில்தான் தடையை எடுத்தார்கள். விடுப்பில் வந்திருந்த ஆம்ப்ரோஸிடம் சித்தப்பா சொன்னார்.

"இதுவரைக்கும் எத்தனடா விழுத்தியிருக்க?"

"நாலு, சித்தப்பா."

"கூண்டுல மணி அஞ்சு இருக்கு. ஒரு மணி மட்டும் சும்மா நின்னா நல்லாவா இருக்கும்? இன்னும் ஒண்ணு விழுத்திட்டு வா. ஊரையே கூட்டி மத்தியானம் முழுக்க அடிப்போம். சின்ன மணி உனக்குத்தான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் ஊருக்குள் அது பேச்சாகிவிட்டது. அம்மாவைக் கடையில் பார்க்கிறவர்கள் எல்லாம், "அஞ்சு ஆயிடுச்சா?" என்று கேட்டார்கள்.

அப்புறம் ஒரு ராத்திரி ஒரு ஜெர்மன் விமானம் கிடைத்தது. வழக்கப்படி ஆம்ப்ரோஸ் பேரைச் சொன்னான். பெர்சி கண்ணாடியைத் தூக்குவதற்குள் அது மேகத்துக்குள் புகுந்து தப்பிவிட்டது. அதன் குண்டுகள் ஹல் நகரத்தில் ஒரு தெருவில் விழுந்தன. மறுநாள் சாப்பாட்டு மேசையில் ஒருத்தன் கேட்டான், "ஏம்ப்பா ஓட்லிங், அவனுக்கு டீ கொடுத்து வழியனுப்பினியா?" மற்றவர்கள் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸும் சிரித்தான். சிரித்துவிட்டு, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அதற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை. கடல் மேல் அடையாளம் தெரியாத ஒரு விமானம் கரையை நோக்கி வருகிறது, போய்ப் பார் என்று தரையிலிருந்து சொன்னார்கள். நம் விமானங்கள், 'நாங்கள் உங்கள் ஆட்கள்தான்' என்று ஒரு குறி அனுப்பும். இதிலிருந்து அது வரவில்லை. பெர்சி பெட்டியைப் பார்த்து வலம், இடம் என்று சொல்லச் சொல்ல, ஆம்ப்ரோஸ் அதன் அடிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு இன்ஜின்களின் புகைக்குழல் மட்டும் மங்கலாகச் சிவந்து தெரிந்தது. வால்பக்கம் இரண்டு செங்குத்துத் தகடு. இரண்டு இன்ஜின், இரட்டை வால் என்றால் ஜெர்மன்காரனின் டார்னியர்.

"டார்னியர்," என்றான்.

"பொறு, ஸ்கிப்பர். இறக்கை நீளமா இருக்கு. இன்னொரு தடவ..."

பெர்சி கண்ணாடியைக் கண்ணில் வைக்கவில்லை. அதற்குள் ஆம்ப்ரோஸின் கட்டைவிரல் பொத்தானை அழுத்திவிட்டது.

அது எரிந்தபடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தன் நெருப்பின் வெளிச்சத்திலேயே தன்னைக் காட்டியது. இறக்கையில் நம் விமானப்படையின் வட்டக்குறி, சிவப்பும் நீலமுமாக. இறக்கைகளில் இரண்டு இன்ஜின் இல்லை, நாலு இருந்தன. வெளியோர இரண்டிலும் புரொபெல்லர் சுற்றாமல் நின்றிருந்தது. நம்முடைய ஹாலிபாக்ஸ். அதற்கும் வால் இரட்டைதான். ஜெர்மனி வரை போய், அடிபட்டு, இரண்டு இன்ஜின் செத்து, குறி அனுப்பும் கருவியும் செத்து, மீதி இரண்டு இன்ஜினில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஏழு பேர். கடலில் விழுந்தது. பாராசூட் குடை எதுவும் விரியவில்லை.

விமானத்தைத் தளத்துக்குத் திருப்பினான். இறங்கியதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஆம்ப்ரோஸ் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். சக்கரம் நின்றது. கதவைத் திறந்தால் மெக்கானிக்குகள் கூட்டமாக நிற்கிறார்கள். எரிந்து விழுந்ததைக் கரையிலிருந்து பார்த்த காவல்காரர்கள் முன்னாலேயே போனில் சொல்லிவிட்டார்கள். "அஞ்சா, சார்? அஞ்சா?" என்று ஒருவன் காலைப் பிடித்துத் தோளில் தூக்கிக்கொண்டான். அப்படியே தூக்கிக்கொண்டுபோய், விசாரித்து எழுதிக்கொள்ளும் அதிகாரி முன் இறக்கிவிட்டான். அதிகாரி சூடான டீயை நீட்டினார்.

"என்ன விமானம்?"

"டார்னியர்."

அவ்வளவுதான் கண்ணுகளா. ஒரு சொல். அவர் பெர்சியைப் பார்த்தார். பெர்சி டீக் கோப்பையைப் பார்த்தார். எதிரி விமானம்தானே என்று மீட்புப் படகு நிதானமாக விடிந்த பிறகு போனது. எண்ணெய் மிதந்தது, ஆள் யாரும் இல்லை. நம்முடையது என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கிளம்பியிருக்கும். கிளம்பியிருந்தால் யாராவது உயிரோடு கிடைத்திருப்பார்களா என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். சுட்டது இருட்டின் தப்பு என்று தன்னைச் சமாதானப்படுத்தலாம். இந்தச் சொல்லுக்கு அவன் எந்த இருட்டைக் காரணம் காட்டுவான்?

விமானத்தின் மூக்கில், விழுத்திய கணக்குக்கு ஐந்தாவது குறி வரைந்தார்கள். மேலதிகாரி இரண்டு நாள் விடுப்பு கொடுத்தார். ஹேகர்பிக்குச் செய்தி ஓடிப்போனது. சனிக்கிழமை மத்தியானம் மணி, விருந்து, பெர்சியையும் கூட்டிக்கொண்டு வா என்று சித்தப்பா தந்தி அடித்தார்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள்.

"நீங்க ஏன் சொல்லல?" என்று ஆம்ப்ரோஸ் கேட்டான்.

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லியிருந்தா நான் மறுத்திருக்க மாட்டேன்."

"தெரியும் ஸ்கிப்பர். அதனாலதான் சொல்லல. அது உன் வாயிலேர்ந்து வரட்டும்னு பாத்தேன். இதையும் வெளிய சொல்ல முடியாது, அன்னைக்கி நான் உனக்காக மட்டும் வாய மூடல. மூடுறது சுலபமா இருந்துச்சு." பெர்சி ஜன்னல் பக்கம் திரும்பினார். "இன்னைக்கும் நான் காட்டிக் கொடுக்க மாட்டேன். ஆனா அந்த மணி அடிச்சா, அதுக்கப்புறம் வேற பைலட்டோடதான் பறப்பேன்."

மாதா கோயில் புல்வெளியில் மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நடுவில் கேக். சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலம். வீட்டுக்கு ஒரு கரண்டி என்று ஊரே கொடுத்த சர்க்கரையில் மேபல் செய்த கேக். அவள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டிருந்தாள். மகனைக் கட்டிக்கொண்டாள். "இளைச்சுட்டியே," என்றாள். பெர்சியின் கையில் ஒரு தட்டு நிறைய வேகவைத்த கேரட்டைக் கொடுத்தாள். பெர்சி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஆம்ப்ரோஸ் கூண்டுப் படி ஏறினான். மேலே நாலு பேர் கயிற்றோரம் நின்றிருந்தார்கள். சித்தப்பா, பள்ளிக்கூட வாத்தியார், தபால்காரக் கிழவர், அப்புறம் ஐவி லெகேட். ஆண்பிள்ளைகள் போருக்குப் போனதால் பெண்களும் கயிறு பிடித்த காலம். ஐவிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் வீட்டுக்காரன் ரெஜினால்ட் ஒரு ஹாலிபாக்ஸில் வால் துப்பாக்கிக்காரன்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்," என்றாள் ஐவி. "எங்க வீட்டுக்காரர் போற ராத்திரி எல்லாம் எனக்குத் தூக்கம் வராது. திரும்பி வர்ற வழியிலயாவது நம்ம ஆம்ப்ரோஸ் அண்ணன் மேல காவலுக்கு இருக்காருன்னு நெனச்சுப்பேன். அப்ப கொஞ்சம் கண்ணு அசரும்."

"பேச்சு போதும், கயித்தப் பிடிங்க," என்றார் சித்தப்பா. "கீழ பசியோட நிக்கிறாங்க. நீ சொல்லுடா."

எங்கள் கூண்டில் சின்ன மணிக்காரன்தான் ஆரம்பித்து வைக்க வேண்டும். "கவனம்" என்பான், எல்லாரும் கயிற்றை இறுக்குவார்கள். "சின்னவ போறா" என்று இழுப்பான். "போயிட்டா" என்றதும் மற்ற மணிகள் பின்னாலேயே வரும். அவன் வாயைத் திறக்காமல் ஒரு மணியும் அசையாது.

ஆம்ப்ரோஸ் கயிற்றில் கம்பளி சுற்றிய பிடியைப் பிடித்தான். நாலு முகங்களும் அவன் வாயையே பார்த்தன.

"கவனம்," என்றான்.

கைகள் இறுகின. அடுத்த சொல் வரவில்லை.

"என்னடா, மறந்துட்டியா?" சித்தப்பா சிரித்தார். "மூணு வருஷம் துரு ஏறிப்போச்சு இவனுக்கு."

"சித்தப்பா, மணி அடிக்க வேணாம்."

"ஏன், கயிறு சரியில்லியா?"

"அந்த அஞ்சாவது ஜெர்மன்காரனோடது இல்ல. நம்மது. ஹாலிபாக்ஸ். சுட்டப்புறம் எனக்கே தெரிஞ்சுது. டார்னியர்னு பொய் சொல்லிட்டேன்."

யாரும் கயிற்றை விடவில்லை. ஐவியின் குரல்தான் முதலில் வந்தது.

"எந்த ராத்திரி?"

"செவ்வாய்க்கெழம."

அவள் உதடு அசைந்தது. "எங்க வீட்டுக்காரர் வியாழக்கெழம போன்ல பேசினாரு," என்றாள். நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு வந்தது. அந்த மூச்சை விட்டதும்தான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். முந்தானையைப் போல் தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "நான் எப்பேர்ப்பட்டவ பாரு," என்றாள் துணிக்குள்ளிருந்து. "ஏழு வீட்ல அழுவாங்க, நான் மூச்சு விடுறேன்."

அப்புறம் முகத்திலிருந்து துணியை எடுத்தாள்.

"படகு போச்சா?"

"விடிஞ்ச அப்புறம்தான் போச்சு."

"நம்மதுன்னு சொல்லியிருந்தா?"

"அப்பவே போயிருக்கும்."

சித்தப்பா ஒவ்வொருவர் கையிலிருந்தும் கயிற்றை வாங்கிச் சுருட்டிக் கொக்கியில் மாட்டினார். கடைசியாக ஆம்ப்ரோஸின் கயிறு. அவன் விரல்கள் விடவில்லை. குழந்தையின் கையைப் பிரிப்பது போல் அவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

"உங்கம்மாகிட்ட நீதான் சொல்லணும்," என்றார். "நான் சொல்ல மாட்டேன்."

கீழே எல்லாரும் அண்ணாந்து கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் வழியாக அவன் தனியாக வெளியே வந்தான். புல்வெளியில் வாசலிலிருந்து நடு மேசைக்கு எவ்வளவு தூரம் இருக்கும்? அவன் நடந்த நடையில் அது முடியவேயில்லை. பேச்சு ஒவ்வொரு மேசையாக அடங்கியது. அம்மா கையில் கேக் வெட்டும் கத்தி. அவள் காதோடு சொல்ல நினைத்தான். அப்புறம் அதுவும் ஒளிவதுதான் என்று தோன்றியது போல. நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

மேபல் கத்தியை மேசையில் வைத்தாள். ஊர் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். மகனைப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உன் மேலதிகாரிகளுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"போ. போய் போன்ல சொல்லு."

பெர்சி தட்டை வைத்துவிட்டுக் கூடவே நடந்தார். தபாலாபீஸ் பக்கத்துப் போன் கூண்டில் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மேலதிகாரி முழுவதையும் கேட்டார். சத்தம் போடவில்லை. "அது யாருடைய விமானம் என்று எனக்கு இப்போது தெரிகிறது," என்றார். எந்தத் தளம் என்று சொன்னார். "அங்கே நான் பேசிவிடுகிறேன். நீ நேராக அங்கே போ. என் முன்னால் நிற்பதற்கு முன்னால் அவர்கள் முன்னால் நில்."

திரும்பி வந்தபோது மேபல் கேக்கைத் தேநீர்த் துணியில் கட்டி முடித்திருந்தாள்.

"இது சந்தோஷத்துக்குச் செஞ்ச கேக்கு. இங்க யாருக்கும் இது எறங்காது. அவங்ககிட்ட கொண்டு போ."

"அம்மா, நான் எப்படிம்மா இத எடுத்துட்டுப் போய்..."

"நானும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கொடுத்தனுப்புறேன்? எடுத்துட்டுப் போ."

சாயங்காலம் அந்தத் தளத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், மடியில் பிள்ளையை ஏந்துவது போல் கேக்கை ஏந்திக்கொண்டு அவன் நின்றான். பெர்சி ஓரடி பின்னால். கூடம் நிறையப் பையன்கள். யார் வருகிறார் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. ஆம்ப்ரோஸ் நடந்ததை நடந்தபடி சொன்னான். பெர்சி பேரைச் சொல்லும் முன்பே சுட்டதை, இறங்கி வந்து சொன்ன பொய்யை, விடிந்த பிறகு போன படகை. யாராவது எழுந்து வந்து அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூலையிலிருந்து நெற்றியில் பிளாஸ்திரி போட்ட ஒரு பைலட் மட்டும் எழுந்து கிட்ட வந்தான்.

"எத்தன இன்ஜின் ஓடிச்சு?"

"ரெண்டு."

"எந்த ரெண்டு?"

"உள் பக்கம். வெளி ரெண்டும் நின்னு போயிருந்துச்சு."

"கரைக்கு எவ்வளவு தூரம் இருந்துச்சு?"

"பக்கத்துல. கண்ணுக்குத் தெரியற தூரம்."

அந்தப் பைலட் மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "கேட்டீங்களா? ரெண்டு இன்ஜின்ல வடகடல் முழுக்கத் தாண்டிக் கொண்டுவந்திருக்கான். நம்ம ராலின்சன். நாலு இன்ஜினும் ஓடுறப்பவே ஒழுங்கா எறக்கத் தெரியாதவன்."

யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் உடைந்தது. ஆம்ப்ரோஸ் அந்தப் பேரை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டான். அதுவரை அது விமானமாக இருந்தது. இப்போது அதற்குள் ஒழுங்காக இறக்கத் தெரியாத ஒரு ராலின்சன் இருந்தான்.

"அந்தத் துணில என்ன?" என்று பைலட் கேட்டான்.

"கேக்கு. எங்கம்மா கொடுத்தனுப்பினாங்க."

"நீ செஞ்சது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் கேக்கை வாங்கி மேசையில் வைத்தான். பெர்சிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆம்ப்ரோஸுக்குப் போடவில்லை. "நீ போகலாம்," என்றான். "ராலின்சனோட வீட்டுக்கு நான் எழுதுறேன். ரெண்டு இன்ஜின்ல வந்தான்னு எழுதுறேன். மத்தத எழுத வேண்டியது நீ."

எழுதினான். ஏழு வீட்டுக்கும் எழுதினான். நாலு வீட்டிலிருந்து பதிலே வரவில்லை. வந்த மூன்றில் என்ன இருந்தது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. பதவியைக் குறைத்தார்கள், ஆறு மாதம் தரையில் உட்கார வைத்தார்கள், அப்புறம் ஆள் போதாமல் மறுபடி ஏற்றினார்கள். பெர்சிதான் பக்கத்தில் உட்கார்ந்தார். போர் முடியும்வரை பறந்தார்கள். ஐந்தாவதை அழித்த பிறகு, விமானத்தின் மூக்கில் நாலு குறிக்கு மேல் ஏறவில்லை. பிற்பாடு ஆம்ப்ரோஸ் ஊரிலேயே பீட்ரூட் பயிரிட்டான். கல்யாணம் செய்தான், பிள்ளை பெற்றான். நல்ல பக்கத்து வீட்டுக்காரன். ஆனால் கடையில் யாராவது போர்க்கதை ஆரம்பித்தால், வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிப் போவான். ஊரும் அவன் பின்னால் கூப்பிடாது.

கதை இவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் விடிகாலையில் பத்திரமாக வந்து கதவைத் தட்டட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு, தப்பு செய்த அன்றைக்கே சொல்லிவிடும் தைரியம் வரட்டும். கேட்டுக்கொள்ளும் பொறுமை உங்களுக்கு இருக்கட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் அணையாமல் இருக்கட்டும்.